வேலை இல்லாத பட்டன்

பேசுகிறவர்களுக்குப் பத்தே நிமிடம் தந்துவிட்டு, மேசை மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே. இந்தச் சங்கம் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலுமாக இருந்த காலத்திலேயே சந்தா கட்டி வளர்த்த மூத்த வணிகப் பெருமக்களே. கடையையும் பார்த்து, கல்லாவையும் பார்த்து, வீட்டுக்குப் போய் மிச்ச வேலையையும் பார்க்கிற தாய்மார்களே. கைப்பேசிக்கு மேனி தருகிற தொழிற்சாலைத் தோழர்களே. அந்த மேனிக்குள் மூச்சு ஊதுகிற இயங்குதள நிறுவனத்து இளைஞர்களே. வாங்கின போனைத் திருப்பிக் கொடுக்க வந்து, கூட்டம் என்று தெரியாமல் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர் யாராவது இருந்தால், அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கடைக்காரியின் பணிவான வணக்கம்.

எனக்குச் சொல்லை விற்றுப் பழக்கமில்லை, செல்லை விற்றுத்தான் பழக்கம். அதனால் சுற்றி வளைக்காமல் சரக்குக்கு வருகிறேன்.

இன்று மாலை நாம் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த இளைஞர்களுடைய இயங்குதளத்தில் ஓடுகிற கைப்பேசியை நம் கடைகளில் இன்னும் ஓராண்டு வைப்பதா, வேண்டாமா? நாம் வேண்டாம் என்றால் தொழிற்சாலை இந்தப் போனைச் செய்கிற பிரிவை மூடும். பிரிவு மூடினால் இயங்குதளத்துக்கு உடம்பில்லை. உடம்பில்லாத உயிரை எந்த அலமாரியில் வைத்து விற்பது? எனக்கு முன்னால் பேசிய பெரிய கடைக்காரர் அடித்துச் சொன்னார்: “அடுத்தவன் செஞ்சு குடுக்கிற உடம்பை நம்பி எந்தத் தளமும் பிழைக்காது.” கைதட்டலும் வாங்கினார். நான் சொல்கிறேன், பிழைக்கும். பிழைப்பது மட்டுமல்ல, பெருவெற்றியும் பெறும். அந்த வெற்றி கூட்டாளியின் கையால்தான் வரும். எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்ணிப் பாருங்கள் அன்பர்களே. கண்ணாடிக்குள்ளே காட்சியைக் காட்டுவது தளம். அந்தக் கண்ணாடியைக் கடைந்து, காய்ச்சி, கையில் கொடுப்பது யார்? விரல் பட்டதும் விழித்துக்கொள்வது தளம். அந்த விரலுக்கு வழுக்காத விளிம்பை வார்த்தது யார்? பேச்சைப் பெருக்கித் தருவது தளம். அந்தப் பேச்சு வெளியே வரத் துளை போட்டது யார்? துளை போட்டவரைத் துணை என்று சொல்லாமல், துணைக்கு வந்தவர் என்று சொன்னால் எப்படி உருப்படும்?

தொடக்கத்தில் இந்தத் தளத்துக்குக் கூட்டாளிகள் நாலு பேர். அதில் மூன்று பேர் என்ன செய்தார்கள்? நல்ல திரையை எல்லாம் போட்டியாளரின் தளத்துக்குப் போட்டார்கள். மிஞ்சிய திரையை இதற்குப் போட்டார்கள். அண்ணன் போட்டுக் கிழித்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, “பையன் களையாவே இல்லையே” என்று குறை சொன்ன கதைதான். பிறகு விற்கவில்லை என்று கைகழுவிவிட்டுப் போனார்கள். போகட்டும். நின்றது ஒரே ஒரு தொழிற்சாலை. அதன் முதலாளி இதே மேடையில் இருக்கிறார். நம்பி நின்றவர், நல்ல சரக்காகத்தான் செய்தார். அப்படியும் ஏன் விற்கவில்லை? அதை என் கடைக்கு வந்து கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு அந்தப் புதிய போன் வந்ததல்லவா? வந்த வாரமே ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மார்க்கெட்டிங்கில் வேலை.

“அக்கா, பஸ்ல போறப்ப இது தானா கால் எடுத்துக்குதுக்கா.”

“தானா எடுக்காதே தம்பி. ரெண்டு தடவை உலுக்கினாத்தான் எடுக்கும். புது வசதி.”

“நம்ம ரோடு உலுக்காம வேற என்னக்கா செய்யும்? மேனேஜர் கூப்பிட்டிருக்கார். போன் பையில இருந்தபடியே எடுத்து, ஸ்பீக்கரும் போட்டுடுச்சு. நான் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட மேனேஜரைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன்.”

சிரிக்கிறீர்கள். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

மறுநாள் ஒரு அம்மா வந்தார். போனின் இடப்பக்க விளிம்பைக் காட்டினார். “இந்தப் பட்டன் எதுக்கு?” அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திப் பிடித்தேன், அசையவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் கடையின் மானம் என்ன ஆவது? “அழகுக்கு” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் போட்டியாளரின் போனை வாங்கிக்கொண்டு போனார். இப்படித்தான் நாள்தோறும் நடந்தது. ஒரு கை உலுக்கலைப் பற்றிப் புகார் செய்தது, மறு கை பட்டனைப் பற்றிப் புகார் செய்தது. நடுவில் என் தலை உருண்டது.

இப்போது என் வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். என் மகன் அந்தத் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சு செய்கிற பிரிவில் இருக்கிறான். என் மருமகள் இந்த இயங்குதள நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். காதல் கல்யாணம், எனக்கும் சம்மதம்தான். பெண் தங்கம். ஆனால் இரண்டு நிறுவனங்களும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வெளிவராத போனைப் பற்றி, ஒரு நிறுவனத்து ஆள் மறு நிறுவனத்து ஆளிடம் மூச்சுவிடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும். கூட்டாளிகளாம், ஆனால் குடும்பத்துக்குள்ளேயே குசுகுசுக்கக் கூடாதாம்!

அதனால் எங்கள் வீட்டில் என்ன ஆனது தெரியுமா? அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் மடிக்கணினியை மூடுவாள். அவள் துணி மடிக்க வந்தால் அவன் வரைபடத்தைக் கவிழ்த்து வைப்பான். “இன்னைக்கு வேலை எப்படி?” என்று இவன் கேட்டால், “மழை வரும்போல இருக்கு” என்பாள் அவள். சண்டை போடுகிற தம்பதியைப் பார்த்திருக்கிறேன், சமாதானமாகிற தம்பதியைப் பார்த்திருக்கிறேன். ஒரே போனைச் செய்துகொண்டு, அதைப் பற்றி மட்டும் பேசாத தம்பதியை என் வீட்டில்தான் பார்த்தேன். இவர்கள் செய்வது போனா, போர்க்கப்பலா என்று எனக்கே சந்தேகம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது பொறுமை போய்விட்டது. திருப்பிக் கொடுத்த போன் ஒன்றைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். மாமியாராக அல்ல, வாடிக்கையாளராகக் கேட்டேன். போன்தான் வெளிவந்துவிட்டதே, இனிப் பேசினால் என்ன?

“இந்தப் பட்டனை வெச்ச மகராசன் யாரு?”

மகன் மென்று விழுங்கினான். “நான்தாம்மா. அச்சுப் பட்டறையில கையெல்லாம் எண்ணெயா இருக்கும். போன் அடிச்சா திரையைத் தொட முடியாது. ஒரு பட்டன் இருந்தா, அமுக்கினதும் கால் எடுத்து ஸ்பீக்கர் போடணும்னு நெனச்சேன். அதுக்கு மென்பொருள் வேணும்னு மேல எழுதிக் கேட்டோம். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ன்னு பதில் வந்துச்சு.”

மருமகள் திருதிருவென்று விழித்தாள். “அய்யோ அத்தை. அந்த உலுக்கல் நான் எழுதினது. குழந்தையைக் குளிப்பாட்டறப்ப போன் அடிக்குது, கையெல்லாம் சோப்பு. திரையைத் தொடாம எடுக்கணும்னு நெனச்சேன். எங்க ஆபீஸ்ல சோதனைக்கு வெச்சிருக்கிற போன்ல இப்படி ஒரு பட்டனே கிடையாது. வேற வழி தெரியாம உலுக்கலை வெச்சேன்.”

கேட்டீர்களா? அவன் கையில் எண்ணெய், அவள் கையில் சோப்பு. அவனிடம் பட்டன் இருந்தது, அதற்கு வேலை இல்லை. அவளிடம் வேலை இருந்தது, அதற்குப் பட்டன் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழந்தைக்கு மாற்றி மாற்றித் தாலாட்டுப் பாடிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பொருளின் பாதிப் பாதியைச் செய்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான்.

“ரெண்டையும் சேர்க்க எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டேன்.

“ஒரு மதியம் போதும் அத்தை” என்றாள்.

ஒரு மதியம், தோழர்களே. அதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். இயங்குதள நிறுவனம் என்ன சொன்னது? “எல்லாக் கூட்டாளிகளும் சமம். ஒருவருக்கு மட்டும் தனி வசதி இல்லை.” ஐயா, கூட்டாளிகளில் மூன்று பேர் ஓடிப்போய்விட்டார்கள். இவர் யாருக்குச் சமம்? காலி நாற்காலிக்கா?

என்ன தலைவரே, மணியில் கை போகிறது? இரண்டு நிமிடம் கொடுங்கள். வேண்டுமானால் அடுத்த ஆண்டுப் பேச்சில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரிசையில் இருக்கிற சர்வீஸ் கடைத் தம்பி, என் நம்பருக்கு ஒரு கால் போடுங்கள். போட்டுவிட்டீர்களா? இதோ அடிக்கிறது. பாருங்கள், இந்தத் தம்ளர் தண்ணீரில் கையை நனைக்கிறேன். திரையைத் தொடுகிறேன், எடுக்கவில்லை. துடைக்கிறேன், வழுக்குகிறது. இப்போது இந்தப் பட்டன். ஒரே அமுக்கு. பேசுங்கள் தம்பி.

“ஹலோ, அக்கா, நான் பேசறது கேக்குதா?”

எனக்குக் கேட்கிறது. இந்த மண்டபத்துக்கே கேட்கிறது.

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் இந்தக் கைதட்டலின் விலை என்னவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதை என் மருமகள் விடுமுறை நாளில், அனுமதி இல்லாமல், எனக்காகச் செய்து தந்தாள். இந்த மேடையில் இதைக் காட்டியதால் என் வீட்டில் இரண்டு வேலையும் போகலாம். நேற்று அவளிடம் கேட்டேன். “சொல்லிடுங்க அத்தை. தளம் மூடினா எப்படியும் வேலை போகும். அதுக்கு முன்னாடி அந்தப் பட்டனாவது வேலை செய்யட்டும்” என்றாள். அவளுக்கு வெளிநாட்டில் வேலை காத்திருக்கிறது, மகனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே இன்று இங்கே தோற்றால், உங்களுக்கு ஒரு அலமாரி காலியாகும். எனக்கு ஒரு வீடு இரண்டாகும். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அங்கே யாரோ, “நம்ம பேங்க் செயலியே இதுல இல்லையேம்மா” என்கிறீர்கள். உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் செயலி எழுதுகிறவர் எப்போது வருவார்? கூட்டம் சேர்ந்த பிறகு வருவார். கூட்டம் எப்போது சேரும்? வேறெந்தப் போனிலும் இல்லாத ஒன்று இதில் இருந்தால் சேரும். மெக்கானிக்குக்கு எண்ணெய்க் கை, செவிலியருக்கு உறைக் கை, சமையல்காரருக்கு மாவுக் கை. உழைக்கிற கை எதுவும் சும்மா காய்ந்திருப்பதில்லை. அந்தக் கைகளுக்கான போன் இது ஒன்றுதான். இதைத் தளம் தனியாகச் செய்ததா? இல்லை. தொழிற்சாலை தனியாகச் செய்ததா? இல்லை. இரண்டும் வாய் திறந்து பேசிய ஒரே ஒரு மதியம் செய்தது. ஒரு மதியம் இவ்வளவு செய்யுமானால், ஓர் ஆண்டு என்ன செய்யாது? ஓராண்டு உட்கார்ந்து பேசினால் எந்தப் போட்டியாளர் எதிரே நிற்பார்?

இயங்குதள நிர்வாகி ஐயா அவர்களே, உங்களை நேராகவே கேட்கிறேன். அந்த வாய்ப்பூட்டுப் பிரிவை நீக்குவீர்களா? என்ன சொல்கிறீர்கள்? வக்கீலைக் கேட்க வேண்டுமா? கேளுங்கள். அவர் எந்தப் போன் வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்... தலையசைக்கிறீர்கள். தலையசைத்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது ஐயா. இந்தாருங்கள் மைக்.

“எடுத்துடறோம்மா. இன்னைக்கு ஓட்டு முடிஞ்சதும் கையெழுத்தாகிற புது ஒப்பந்தத்துல அந்தப் பிரிவு இருக்காது. தொழிற்சாலை முதலாளிகிட்டயும் பேசிடறேன், உங்க வீட்ல ரெண்டு பேர் வேலைக்கும் நான் பொறுப்பு. அந்தப் பொண்ணை நாளைக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க. பட்டன் எல்லாப் போனுக்கும் போகணும்.”

கேட்டீர்களல்லவா? நன்றி ஐயா. உங்கள் வாய்ச்சொல்லுக்கு இந்த மண்டபமே சாட்சி. பெரிய கடைக்காரரே, நீங்கள் ஏன் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்? வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை. சரி, தூக்கியது தூக்கியதாகவே இருக்கட்டும்.

ஒரே ஒரு குறை. இந்த மேடையில் நிற்கும்போதுதான் கண்ணில் படுகிறது. இடப்பக்கம் முழுக்க இயங்குதள நிறுவனத்தார், வலப்பக்கம் முழுக்கத் தொழிற்சாலையார். நடுவில் ஒரு லாரி போகிற அளவு இடைவெளி. யார் போட்ட நாற்காலிகள் இவை? என் மகன் அந்தக் கோடியில் இருக்கிறான், மருமகள் இந்தக் கோடியில் குழந்தையோடு இருக்கிறாள். டேய், எழுந்திருடா. போய் உன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார். அடுத்த போனில் என்ன செய்யலாம் என்று அவளைக் கேள். மெதுவாக இல்லை, சத்தமாகக் கேள். யாரும் உன் வேலையைப் பறிக்கமாட்டார்கள்.

அதோ போகிறான். அச்சுப் பிரிவு மேஸ்திரியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார். இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வருகிறார்கள். வாருங்கள், எல்லோரும் வாருங்கள், இடிக்காமல் வாருங்கள்.

தலைவர் அவர்களே, பொறுமைக்கு நன்றி. பெரியோர்களே, தாய்மார்களே, காது கொடுத்ததற்கு நன்றி. வாக்கெடுப்பைச் சற்றுத் தள்ளி வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் இத்தனை நாள் பேசாமல் இருந்தவர்கள், பேசி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். வணக்கம்.