லீவ் எண்டால் வாறதோ, போறதோ?

உலக யுத்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகும் டிராமில், எனக்கு முன்னே நடுவயதுக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவியின் கையில் ஒரு தந்தி.

"இஞ்சேருங்கோ, லீவ் எண்டால் வாறதோ, போறதோ?"

"ரெண்டுந்தான், மேரி. லீவு கிடைச்சு வீட்டை வாறதும் லீவ்தான். இருக்கிற இடத்தை விட்டுப் போறதும் லீவ்தான்."

"அப்ப எங்கட பிள்ளை என்னத்தைச் சொல்லுறான்?"

திருகோணமலையில் பட்டாளத்திலிருந்த மகன் இங்கிலீஷில் இரண்டே சொற்கள் அனுப்பியிருந்தான். 'லீவ் சற்றடே.' சனிக்கிழமை லீவ். கணவர் அதை மறுபடியும் வாசித்தார்.

"வாறான் எண்டுதான் நினைக்கிறன். சண்டைக்குக் கப்பலேறுற நாளைத் தந்தியிலை எழுத விடமாட்டாங்கள்."

அவள் தந்தியைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"அதுக்காகத்தான் ரெண்டு கருத்துள்ள சொல்லாப் பாத்து எழுதினானோ?"

டிராம் கோட்டையில் நின்றது. இறங்கியதும் அவர் வேலைக்குப் போகத் துறைமுகப் பக்கம் திரும்பினார். அவள் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"இண்டைக்கே ரயிலேறுவம்."

"எனக்கு வேலையெல்லோ, மேரி."

"வாறானெண்டால் அவனைக் கையோடை கூட்டிக்கொண்டு வருவம். போறானெண்டால் முகத்தைப் பாத்து அனுப்புவம்."

அவர் துறைமுகப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "கெதியா நட," என்று சொல்லி ரயில் நிலையத்தை நோக்கி முன்னே நடந்தார்.