தூக்குவாளியில் இரண்டு பள்ளத்தி

மணக்குடி போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கைப்பிள்ளையோடு ஒருத்தி. காலடியில் மூடாத தூக்குவாளி. தண்ணீரில் இரண்டு மஞ்சள் பள்ளத்தி மீன். வழியில் ஏறிய தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, கறிக்கா?”

“இல்ல மைனி, திரும்பக் காயல்ல விடப்போறேன். இதுகளுக்கு நாங்க பெரிய பாவம் செய்திட்டோம்.”

“என்ன பாவம்?”

“இவனுக்க அப்பா ஆசையாப் பிடிச்சிட்டு வந்து கண்ணாடித் தொட்டியில வளத்தாரு. குஞ்சு பொரிச்சிது. குஞ்செல்லாம் தாய் தகப்பன் மேல ஒட்டிக்கிட்டுக் கொத்திச்சு. ‘பெத்ததுகளையே தின்னுதே’ன்னு குஞ்சுகள வேற பாத்திரத்துல மாத்திட்டாரு. முட்டை மஞ்சக்கரு போட்டோம், அரிசிப்பொடி போட்டோம். ஒண்ணும் தொடல்ல. அவ்வளவும் செத்துப்போச்சு.”

“அய்யோ.”

“பொறவுதான் பாத்தேன். ரெண்டு மேலயும் வழுவழுன்னு பால்போல படிஞ்சிருக்கு. அதத்தான் அதுக குடிச்சிருக்கு. அவருக்குத் தெரியாது, சரி. பிள்ளைக்குப் பால் குடுக்குற எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா மைனி?”

மற்றவள் குனிந்து வாளிக்குள் பார்த்தாள்.

“ஏன் சரிஞ்சு நிக்கி? சாகப் போவுதா?”

“இல்ல. குஞ்சுக வந்து குடிக்கட்டும்னு காட்டிட்டு நிக்கி.”