கொன்றைமடைக் கரையில் இருபத்தொரு மூட்டை

ரயில் இன்னும் எங்க பக்கம் எட்டிப் பாக்காத காலம். லாரின்னா என்னன்னே தெரியாது. சரக்கு வந்தாலும் மாட்டு வண்டி, போனாலும் மாட்டு வண்டி. அந்தக் காலத்துல கொன்றைமடைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு, நாம உக்காந்திருக்கிறதே அதுலதான். ஆனா நான் சொல்ற கொன்றைமடையில கடைத்தெரு ஒண்ணே ஒண்ணு, கடை இருபத்தொண்ணு. அந்த இருபத்தொரு கடைக்காரங்களும் சேந்து வச்சதுதான் வியாபாரிகள் சங்கம்.

சங்கம்னா பேருக்கு இல்ல. கூத்துக்குப் பந்தல் போடணுமா, சங்கம். வெயில் காலத்துல தண்ணிப்பந்தல் வைக்கணுமா, சங்கம். இல்லாதப்பட்ட வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா குண்டா வேணுமா, அதுவும் சங்கம்தான். கார்த்திகை மாசம் கண்மாய்க் கரைக்குக் கீழ பொட்டல்ல மூணு நாள் சந்தை விழா. வழுக்குமரம், கிடாமுட்டு, கடைசி நாள் ஊருக்கே சாப்பாடு. எல்லாம் சங்கத்துப் பொறுப்பு. "சங்கம் சொல்லிட்டா சாமி சொன்ன மாதிரி"ன்னு சனம் சொல்லுமாம். அப்படி நம்புச்சாம்.

அந்தக் கடைத்தெருவுல மூட்டை தூக்குற ஆளு ஒருத்தரு, பேரு வீரணன். எங்க தாத்தாவைப் பெத்தவரு, எனக்குப் பூட்டன். பேருதான் வீரணன். பல்லி கத்துனா பயம். ஆந்தை கத்துனா பயம். முதலாளிமாரு இருமுனாக்கூட, "என்னைத்தான் கூப்புடுறாகளோ"ன்னு எந்திரிச்சு நின்னுக்குவாராம். கூட மூட்டை தூக்குற சன்னாசி கேலி பண்ணுவானாம்: "வீரணா, ஒன் நிழலு ஒன் பின்னாடியே வருதுடா, ஓடுடா!" இவரு நெசமாவே ஒருக்கா திரும்பிப் பாப்பாராம்.

ஆனா தோளு மட்டும் பொய் சொல்லாது. கண்ணைக் கட்டி மூட்டையைத் தூக்கிவிட்டா, உள்ள என்ன சரக்குன்னு சொல்லிருவாரு. "நெல்லு மூட்டை ஏறுனா புள்ள மாதிரி வளைஞ்சு குடுக்கும். துவரை கலகலன்னு பேசும். உப்பு இருக்கு பாரு, அது வளையாது. கல்லு மாதிரி உக்காந்துக்கிரும்"னு சொல்லுவாராம்.

அந்த வருசம் கார்த்திகை பொறந்ததும் மழை புடிச்சுச்சு. ஒரு நாள் பேஞ்சுச்சு. ரெண்டு நாள் பேஞ்சுச்சு. எட்டு நாள் பேஞ்சுச்சு. கண்மாய் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வழிஞ்சு போகுது. அப்பயும் மழை நிக்கல. சந்தைக்குச் சரக்கெல்லாம் வந்து எறங்கியாச்சு. விழாவைத் தள்ளி வைக்கச் சங்கத்துக்கு மனசில்ல. தமுக்கு அடிச்சாங்க: "கரை கெட்டியா இருக்கு! சந்தை நடக்கும்! யாரும் பயப்பட வேண்டாம், இது சங்கத்து வாக்கு!"

சனம் நம்புச்சு. கரைக்கு நேர் கீழ இருக்கிற கீழத்தெருவுல ஒருத்தர்கூட வீட்டைவிட்டுப் போகல.

எங்க பூட்டனுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரல. விடிஞ்சதும் ஓடிப்போயி கரையோட வெளிப்பக்கம் பாத்தாரு. பழைய மடைக்குப் பக்கத்துல ஒரு நண்டு வளை. அதுலயிருந்து தண்ணி கசியுது. கசிவு தெளிவா வந்தா பயமில்லம்பாங்க. இது கலங்கலா வந்துச்சு. கலங்கலா வந்தா என்ன அர்த்தம்? கரையோட மண்ணு உள்ளயே கரைஞ்சு தண்ணியோட வெளிய வருதுன்னு அர்த்தம். விரல் மொத்தத்துக்கு வந்த தண்ணி, இவரு பாக்கப் பாக்க கை மொத்தத்துக்கு வந்துச்சாம்.

வீட்டுக்கு ஓடுனாரு. வீட்டுல ஒச்சம்மா, எங்க பூட்டி, புள்ள பெத்து மூணாம் நாள். பச்ச உடம்பு. எந்திரிச்சு நிக்க முடியல.

"ஒச்சு, வா, மேட்டுப்பக்கம் போயிருவோம். நான் தூக்கிட்டுப் போறேன்."

"கொட்டுற மழையில பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு எங்கய்யா போறது? ரெண்டு நாழியில வெறச்சுப் போயிரும். ஒனக்குப் பல்லியக் கண்டாலும் பயம். சங்கத்துல சொல்லியிருக்காக. அவுக பாத்துக்கிருவாக, நீ போய்யா."

இவரு போனாரு. நேரா சங்கத்துத் தலைவரு தனுஷ்கோடி முதலாளி கடைக்குப் போனாரு. வாசல்ல நின்னாரு. வாயி வரல. அதுக்குள்ள கரையில இருந்து ஆளுக கத்துறது கேட்டுச்சு: "உடைப்பு! உடைப்பு!"

கடைத்தெருவே கரைக்கு ஓடுச்சு. நண்டு வளை இருந்த இடத்துல கரை உள்வாங்கி, ஒரு ஆளு குனிஞ்சு நுழையிற அளவுக்கு வாயத் தொறந்திருச்சு. மண்ணை வெட்டிப் போட்டாங்க. எங்க மண்ணு கரிசல் மண்ணு. நனைஞ்சா வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு ஓடுது. ஒரு கூடை மண்ணு போட்டா ஒண்ணரைக் கூடை மண்ணை எடுத்துக்கிட்டுப் போகுது தண்ணி.

அப்பத்தான் தனுஷ்கோடி முதலாளி கரை மேல ஏறி நின்னு சொன்னாராம்: "கடைக்கு ஒரு நெல்லு மூட்டை! இருபத்தொரு கடை, இருபத்தொரு மூட்டை! நெல்லு நனைஞ்சா ஊதும், ஊதுனா இறுகும். மொத மூட்டை என் மூட்டை!"

சனம் குலவை போட்டுச்சு. கண்ணு கலங்குச்சு. நம்ம சங்கம்யா, நம்ம சங்கம்!

வண்டி கட்டி மூட்டைக வந்துச்சு. எல்லாம் வாய் தைச்ச மூட்டை. கடைக்காரங்க கரை மேல வரிசையா நிக்கிறாங்க. மூட்டையை எறக்கிக் கொண்டுபோய் உடைப்பு வாயில வைக்கிறது வீரணன், சன்னாசி, இன்னும் நாலு ஆளு.

மொத மூட்டை தலைவரு மூட்டை. மஞ்சள் குங்குமம் வச்சு அனுப்பியிருந்தாரு. அது வீரணன் தோள்ல ஏறுச்சு.

வளையல.

கல்லு மாதிரி உக்காந்துச்சு. மழைத்தண்ணி மூட்டையில ஊறி கழுத்து வழியா எறங்குது. கழுத்துல ஒரு சிராய்ப்பு இருந்துச்சாம், அதுல பட்டதும் திகுதிகுன்னு எரிஞ்சுச்சு. உப்பு! தலைவரு மூட்டையில உப்பு!

என்ன பண்ணுவாரு? கொண்டுபோய் வச்சாரு. 'பெரிய மனுசரு, கை மாத்தி வந்திருக்கும். மிச்சம் இருவது நெல்லு மூட்டை வருமே'ன்னு நெனைச்சுக்கிட்டாரு.

ரெண்டாவது மூட்டை ஏறுச்சு. வளையல. மூணாவது ஏறுச்சு. வளையல. ஒவ்வொரு கடைக்காரரும் அதையேதான் நெனைச்சிருக்காரு: நெல்லைவிட உப்பு மலிவு, மத்த இருவது பேரு நெல்லு குடுப்பாக, நடுவுல என்னோட ஒரு மூட்டை உப்பு கெடந்தா யாருக்குத் தெரியப்போகுது?

வீரணன் சன்னாசியைப் பாத்தாரு. சன்னாசி கண்ணைத் திருப்பிக்கிட்டான். அவன் தோளுக்கும் தெரியாதா? ஆறு பேரு தோளுக்கும் தெரியும்.

"சன்னாசி, இது..."

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குடா. நாளைக்கு நமக்குச் சோறு போடுறது இவுகதான்."

நாலு போச்சு. அஞ்சு போச்சு. அத்தனையையும் உடைப்பு முழுங்கிட்டு இன்னும் கேட்டுச்சு. எட்டாவது மூட்டையை வைக்கப் போனவரு மொத மூட்டை இருந்த இடத்தைக் காலால தடவிப் பாத்தாரு. வெறும் சாக்கு. மஞ்சள் குங்குமம் வச்ச சாக்கு, உள்ள ஒண்ணுமில்லாம மீன் வாலு மாதிரி தண்ணியில ஆடுது. மேல வச்ச மூட்டைக கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. காலுக்கடியில கரை ஒருக்கா முனகுச்சாம். வயித்துவலிக்காரன் முனகுவானே, அந்த மாதிரி. கீழ பாத்தாரு. தன் வீட்டுக் கூரை தெரிஞ்சுச்சு. கூரை வழியா அடுப்புப் புகை வருது. ஒச்சம்மாவுக்கு யாரோ வெந்நி வைக்கிறாக.

ஒம்பதாவது மூட்டையை வாங்குனாரு. ரெண்டு எட்டு வச்சாரு. நின்னுட்டாரு.

"என்னடா நின்னுட்ட?" தலைவரு கத்துனாரு.

இவரு மூட்டையைக் கரை மேல எறக்கி வச்சாரு. வேட்டியிலயே ஒண்ணுக்குப் போயிட்டாராம். இதை எங்க தாத்தா மறைக்காமச் சொல்லுவாரு, நானும் மறைக்கல.

"முதலாளி... உப்பு, முதலாளி."

"என்னடா சொன்ன?"

"எல்லாம் உப்பு, முதலாளி. உங்க மூட்டையும் உப்பு. கரைஞ்சுருச்சு முதலாளி. எம்புள்ள கீழ கெடக்கு முதலாளி."

"கூலிக்காரப் பயலே, சங்கத்தையே திருட்டுப்பயங்கிறியா?" ஒரு கடைக்காரரு கையை ஓங்கிக்கிட்டு வந்தாரு. வீரணன் ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. ஆனா இடுப்புல இருந்த மூட்டைக் கொக்கியை எடுத்து, உக்காந்தபடியே மூட்டையில ஒரு இழு இழுத்தாரு. வெள்ளை வெளேர்னு உப்பு கொட்டுச்சு.

கடைக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் அப்பத்தான் விளங்குது, மத்தவனும் தன்னை மாதிரியேன்னு. உப்புன்னு தெரிஞ்சு கூட்டத்துல ஒரு பொம்பள "ஐயோ"ன்னு அலறுனா பாருங்க, அந்தச் சத்தத்துலதான் எல்லாரும் அசைஞ்சாங்க.

கடைத்தெருவுக்குப் போய் நெல்லு கொண்டுவர நேரமில்ல. கையெட்டுற தூரத்துல இருந்தது ஒண்ணுதான். விழாப் பந்தல்ல ஊர்ச் சாப்பாட்டுக்குச் சங்கம் வாங்கி வச்ச அரிசி, பதினாலு மூட்டை. தலைவரு தோள்துண்டை எறிஞ்சுட்டுப் பந்தலுக்கு ஓடுனாரு. தூக்குறதுக்கு ஆளு? மூட்டைக்காரங்க ஆறு பேரும் உடைப்புக்குள்ள எறங்கி, மிச்ச மூட்டைக சரியாம முதுகைக் குடுத்து நிக்கிறாங்க. அதனால கடைக்காரங்களே தூக்குனாங்க. பொறந்ததுல இருந்து ஒரு படி அரிசி தூக்காதவங்க. சேத்துல விழுந்தாங்க, எந்திரிச்சாங்க, மறுபடி விழுந்தாங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில நின்ன வீரணன் என்ன பண்ணாரு தெரியுமா? கத்துனாரு.

"ஐயோ என்னை விட்ருங்க! நான் போறேன்! செத்துருவேன்!"

"போடா போ, யாரு புடிச்சா?"ன்னு சன்னாசி கத்துறான்.

"நான் போனா மூட்டை சரிஞ்சுருமேடா!"ன்னு இவரு அழுகுறாரு.

அழுதுக்கிட்டே நின்னாரு. கடைசி அரிசி மூட்டை உள்ள எறங்குற வரைக்கும் அழுதாரு. அரிசி ஊதி இறுகுற வரைக்கும் நின்னாரு. பொழுது சாயுறதுக்கு முன்னாடி மழை விட்டுச்சு. கரை நின்னுச்சு. கீழத்தெரு நின்னுச்சு. அந்த மூணு நாள் புள்ளதான் எங்க தாத்தா.

இதோட கதை முடிஞ்சுருச்சுன்னா நல்லாத்தான் இருக்கும். முடியல. மறுநாள்ல இருந்து வீரணனை ஒரு கடைக்காரரும் வேலைக்குக் கூப்புடல. கடைத்தெருவுல போயி நிப்பாராம், பாத்தும் பாக்காத மாதிரி போவாங்களாம். எதுக்குப் பயந்தாரோ அது நடந்துச்சு. ஒரு வருசம் சன்னாசி பங்கு குடுத்த கஞ்சியிலதான் குடும்பம் ஓடுச்சு.

மறு கார்த்திகை வந்துச்சு. சங்கம் பந்தல் போட்டுச்சு, வழுக்குமரம் நட்டுச்சு. சனம் வந்து வேடிக்கை பாத்துச்சு. ஆனா மூணாம் நாள் சாப்பாட்டுக்கு எலை போட்டா ஒருத்தரும் உக்காரல. "மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?"ன்னு கூட்டத்துல ஒரு குரல். அவ்வளவுதான். எலை காத்துல பறக்குது.

தனுஷ்கோடி முதலாளி செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு கீழத்தெருவுக்கு நடந்தாரு. வீரணன் வீட்டு வாசல்ல நின்னாரு. வாயி வரல.

அப்புறம் சொன்னாராம்: "வீரணா, வந்து தொட்டுச் சொல்லிட்டுப் போடா."

"பயமா இருக்கு முதலாளி."

"எனக்கும்தாண்டா."

வந்தாரு. பந்தல்ல இருபத்தொரு கடை மூட்டையும் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கையை வச்சாரு. "இது அரிசி... இது பருப்பு... இது வெல்லம்..." குரல் நடுங்குது. பக்கத்துல கடைக்காரங்க துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. கடைசி மூட்டையைச் சொன்னதும் சனம் எலையில உக்காந்துச்சு.

அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் கொன்றைமடையில சங்கத்துக் கொடி ஏறணும்னா, மொதல்ல மூட்டை தூக்குறவங்கள்ல ஒருத்தர் வந்து கடைக்கு ஒரு மூட்டையைத் தொட்டு, உள்ள இருக்கிறதைச் சத்தமாச் சொல்லணும். கடைக்காரரு செருப்பில்லாம நிக்கணும். கரையில அந்த இடத்துக்கு உப்புக்கரைன்னு பேரு.

போன கார்த்திகையில எங்க அண்ணன் மகன் மாரிச்சாமி முறை. மூட்டை ஏத்தி எறக்கி லோடு ஆட்டோ ஓட்டுறவன், வாட்டசாட்டமான பய. மைக்கு குடுத்தாங்க. "இது அரிசி! இது பருப்பு!"ன்னு அரசியல் கூட்டத்துல பேசுற மாதிரி கணீர்னு சொன்னான். கொடி ஏத்த எந்திரிக்க வேண்டிய சனம் எந்திரிக்கல.

"வீரணன் சொன்ன மாதிரி இன்னொருக்கா தொட்டுச் சொல்லுப்பா"ன்னாங்க.

அவன் மைக்கைக் கீழ வச்சான். திரும்பி உப்புக்கரையைப் பாத்தான். கண்மாய் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு கெடந்துச்சு. கையை மூட்டையில வச்சு மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை குரல் நடுங்குச்சு. அதுக்கப்புறம்தான் கொடி ஏறுச்சு.