ஜெராக்ஸ் அக்காவோட சொந்தப் பேரு

............................................ அவர்களுக்கு,

மங்கின எழுத்துக்கும் மறுபிறவி குடுத்த மகராசியே! மாடிப்படிக்கு அடியில முப்பத்தொரு வருஷம் ராஜாங்கம் நடத்தின மகாராணியே! பேப்பரைத் தொட்டதுமே "இது நமுத்துப் போயிருக்கு, மெஷின் கடிச்சிடும்"னு நாடி பார்த்துச் சொல்ற வைத்தியரே! எங்க ஜெராக்ஸ் அக்காவே! வணக்கம்.

முதல்ல எங்க ஆச்சரியத்தைக் கொட்டிடுறோம். நீங்க வந்ததுலேர்ந்து இந்த ஆபீசுக்கு அஞ்சு மெஷின் வந்திருக்கு. அஞ்சும் வேற வேற கம்பெனி. ஜெராக்ஸ் கம்பெனி மெஷின் ஒண்ணுகூட நம்ம வாசப்படி மிதிச்சதில்ல! ஆனா அஞ்சுக்கும் ஒரே பேருதான். மெஷின் நெத்தியில பெருசா வேற பேரு இருக்கும், அது மேலயே கையை ஊனிக்கிட்டு "ஜெராக்ஸ் வேலை செய்யலையா?"ன்னு கேப்போம். ஒரு காலத்துல ஊரே வாக்மேன் வாக்மேன்னு அலைஞ்சுது, இன்னைக்குச் சொன்னா புள்ளைங்க "அப்படின்னா?"ங்குது. இப்ப எதுக்கெடுத்தாலும் கூகுள் பண்றோம், அது எத்தனை நாளைக்கோ! கொடிகட்டிப் பறந்தவங்க கொடியைச் சுருட்டுனாலும், ஜனங்க வாயில ஏறின சில பேரு மட்டும் இறங்கவே மாட்டேங்குது. அப்படி ஒரு பேரு உங்க மேல ஏறி உக்காந்துக்கிச்சே, அதுதான் அதிசயம்!

பேப்பர் கட்டைக் காதுகிட்ட வச்சு ஒரு விசிறு, மேசையில ரெண்டு தட்டு, அப்புறம்தான் மெஷினுக்குள்ள. வர்றவங்க அவசரத்துல காப்பியை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடுவாங்க, "ஒரிஜினலை எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு கேக்காம ஒருத்தரையும் நீங்க விட்டதில்ல. ஒரே ஒரு பொண்ணு தப்பிச்சுப் போயிடுச்சு. அதோட டிகிரி சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு, செருப்புகூட போடாம பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினீங்க. கிளம்பின பஸ்ஸை டிரைவர் கண்ணாடியில உங்களைப் பார்த்துட்டு, "ஏய், நம்ம ஜெராக்ஸ் அக்காடா!"ன்னு நிறுத்தினாரு.

இவ்வளவு தெரிஞ்சும் நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்க்கா. போன வாரம் ரெஜிஸ்டர்லேர்ந்து உங்க சொந்தப் பேரை எடுத்து, "இவர் ஓய்வு பெறுகிறார், விழாவுக்கு வருபவர்கள் கையெழுத்திடவும்"னு நோட்டீஸ் ஒட்டினோம். மூணு நாள்ல நாலே கையெழுத்து. ரெக்கார்டு ரூம் அண்ணன் அதைப் படிச்சிட்டு நேரா உங்ககிட்டயே வந்து, "யாருக்கா இது, புதுசா சேந்தவங்களா?"ன்னு கேட்டாரு.

"புதுசா சேந்தவ எதுக்குடா ரிட்டையர் ஆகப் போறா?"ன்னு சிரிச்சீங்க. அது நான்தான்னு நீங்க சொல்லல.

அவரு போனப்புறம் எங்ககிட்ட, "விழாவெல்லாம் வேணாம் விடுங்கப்பா. அந்தப் பேருல என்னை யாருக்குத் தெரியும்?"னீங்க. அன்னைக்கு மத்தியானமே அந்த நோட்டீஸைக் கிழிச்சோம்.

உடனே இன்னொரு நோட்டீஸ்: "நம்ம ஜெராக்ஸ் அக்கா." சாயங்காலத்துக்குள்ள தாள் நிறைஞ்சு, ஓரமெல்லாம் நிறைஞ்சு, பின்பக்கமும் கையெழுத்து! இதோ, ஹால்ல உக்கார இடமில்ல. ஜன்னலோரம் நிக்கிறாரே, அவருதான் அந்த பஸ் டிரைவர். ரெக்கார்டு ரூம் அண்ணன் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காரு, ரெண்டு திட்டு திட்டிடுங்க.

எவனோ வச்ச கம்பெனிப் பேரு முப்பத்தொரு வருஷம் உங்க பேரை மூடிக்கிட்டு ஆட்சி பண்ணிடுச்சு. இன்னையோட அந்த ஆட்சி போதும். மடலோட முதல் வரியைக் காலியா விட்டிருக்கோம். இந்தாங்க பேனா. உங்க கையாலயே எழுதுங்க; நாங்க எல்லாரும் சேர்ந்து சத்தமாப் படிக்கிறோம்.

நின்னு நின்னு தேஞ்ச அந்த முட்டி வலி தீரணும், நெனைச்ச நேரத்துக்கு எழுந்து நெனைச்ச நேரத்துக்குத் தூங்கணும், நூறு தாண்டியும் நல்லா இருக்கணும்.

ஃபிரேம் போடுறதுக்கு முன்னாடி இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து மாடிப்படிக்கு அடியில ஒட்டிக்கிறோம். போகும்போது மறந்துடாதீங்கக்கா, ஒரிஜினலை எடுத்துக்கிட்டுப் போங்க.

இப்படிக்கு,
உங்க பேரை இன்னைக்குத்தான் சத்தமாப் படிக்கப் போற
ஆபீஸ் மொத்தமும்