இன்ஜின் சூடு

ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் காஜா பேராங் சாலைப் பக்கம் திரும்பியது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் கடைகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இளையவள் கேட்டாள்.

"லோரி இன்ஜின் சூடு பொண்டாட்டிக்கு ஒட்டுமாக்கா?"

"என்னடி கேக்கிற?"

"எனக்கு வெட்டை நோயின்னு டாக்டர் சொல்றாரு. வீட்டுக்காரரைக் கேட்டா, லோரி ஓட்டுறவனுக்கு இன்ஜின் சூடு ஏறத்தான் செய்யும், வெந்தயத் தண்ணி குடிச்சா எறங்கிடும்ங்கிறாரு."

"வெட்டைன்னா சூடுதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். அது கிருமியாம். படுக்கையில ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வருமாம். போன தடவ ஊசி போட்டு எனக்கு நல்லாயிருச்சு. அவரு போட்டுக்கல. அவரு லோரி எடுத்துட்டுக் கெளம்புறதுக்கு முன்னாலேயே மறுபடியும் வந்திருச்சு. ரெண்டு பேரும் போட்டுக்கணும், நல்லாகுற வரைக்கும் சேரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்படியே விட்டா பிள்ளையே பொறக்காமப் போயிடலாமாம்."

"அவரைக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"வரமாட்டாராம். ஆம்பளைக்கு மானம் போயிருமாம். அத்தனை பேர் முன்னால அந்த பெஞ்சில உக்காந்திருந்தேனே, எனக்கு மானம் இல்லியா?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "சிங்கப்பூருக்கு ரப்பர் ஏத்திட்டுப் போனவரு இன்னிக்குத் திரும்பிடுவாரே. ராத்திரி வந்து நின்னா என்னடி பண்ணுவே?"

இளையவள் தாழ்த்தவில்லை.

"போறப்பவே அவரு பாயை லோரியில தூக்கிப் போட்டுட்டேன். ஊசி போட்டுக்குற வரைக்கும், சூடு குடுத்த இன்ஜின்கிட்டயே போய்ப் படுத்துக்கச் சொல்லிட்டேன்."