ஒரே பாஸ்வேர்டு

பெட்டிக்கடைக்காரருக்குப் பெரிய சாஃப்ட்வேரை விற்றுவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. குடவாசல் பக்கம் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மளிகைக் கடைக்கு மொபைல் ஆப் போதும். உரக்கடைக்கு ஜிஎஸ்டி பில்லும் சரக்கிருப்பும் காட்டுகிற ஒன்று வேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்து பதிகிற இடமென்றால்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்டு, யார் எதைத் திருத்தினார் என்று காட்டுகிற வசதி எல்லாம். இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதியவன் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

ஹாஜா மைதீன் பாயின் அரிசி மில்லுக்கு 2019-ல் நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். விற்க வந்தவர் இரண்டைக் காட்டினார். பாய்க்குப் பெரியதுதான் பிடித்திருந்தது.

“ரெண்டு பேரு இருக்கிற ஆபீசுக்கு எதுக்கு பாய் இவ்ளோ பெருசு? ஒரு பாஸ்வேர்டு போதும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதான் குழந்தைராஜ்.”

அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவர் எடைமேடைச் சீட்டுகளைப் பதிவு செய்த பிரகதீஸ்வரி. கணவர் விட்டுவிட்டுப் போனவர்; பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. வேலை கேட்டு வந்த ஆறு பேரில் அவரைச் சிபாரிசு செய்ததும் நான்தான். அவருக்காகக் கேட்டு வர அண்ணன் தம்பி யாரும் இல்லை என்பதை முதலில் விசாரித்துக்கொண்டேன்.

என் மகனைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வராத நெல்லுக்கு வந்ததாகப் பில் போட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டேன். கிடங்கில் இல்லாத மூட்டைகளை, நெல் காய்ந்து எடை குறைந்ததாக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தேன். 2021 குறுவை நெல் வந்த சமயம் பாய் தானே நின்று முதல் கிடங்கை எண்ணினார். நூற்றெண்பது மூட்டை குறைந்தது. கணக்கைத் திருத்தியிருப்பது தெரிந்தது. திருத்தியது யார் என்று தெரியவில்லை.

பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் பிரகதீஸ்வரியைப் பார்த்தேன்.

மதியம் அவர் என் மேசைக்கு வந்தார். “நான் செய்யல சார். உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா. ஆனா போலீசு கேசுன்னு போனா உன் பொண்ணு கதி என்ன ஆகும்? எழுதிக் குடுத்துடு. பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“செய்யாததை எப்படி சார் எழுதறது?”

கடிதத்தை நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பாய் நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்தியதோடு சரி. அதன் பிறகு பிரகதீஸ்வரி மூன்று கடைகளில் வேலை கேட்டிருக்கிறார். மூன்று பேரும் என்னிடம்தான் விசாரித்தார்கள். கடிதம் இருப்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டாம் நாள் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டார். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் இரண்டாவது கிடங்கை எண்ணவில்லை, சார். அதில் முந்நூறு மூட்டை குறைவு. அவர் உஷாராகிவிட்டதால் மாதம் ஐந்து மூட்டைக்கு மேல் கழிக்க முடியவில்லை. நான் இல்லாத ஒரு நாளில் யாராவது எண்ணிவிட்டால் முடிந்தது. பிரகதீஸ்வரி இடத்தில் வேறு ஆள் வைக்க விடவில்லை. அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். நான்கு வருடம் ஒரு நாள் லீவு கிடையாது. மகன் விமான டிக்கெட் அனுப்பினான், போகவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததுகூட ஒரு சனிக்கிழமை மாலையில்தான்; திங்கட்கிழமை காலை மில்லில் இருந்தேன். பாய் கண்கலங்கிப் போய்ச் சம்பளத்தை உயர்த்தினார்.

போன மாதம் பாய் மன்னார்குடியில் இன்னொரு மில்லை வாங்கினார். இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய சாஃப்ட்வேர் என்றார். வேண்டாமென்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. அந்த அளவுக்கு அதுதான் சரி. பழைய கணக்கை மாற்றித் தர வந்த வானதி, வருடவாரியாகப் பேக்கப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பாய் எதிரிலேயே கேட்டார்.

“முன்னாடி இருந்தவங்க இறந்தப்புறமும் அதே மாதிரிதான் திருத்தியிருக்கு. இது யார் சார் பண்ணுனது?”

எல்லாம் நான்தான், சார். பில்கள், மூட்டைகள், அந்தக் கடிதம். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈரமில்லாதவன் அல்ல. அன்று மதியம் அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால், பாயிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.