யானை வெடிக்குத் திரும்பிய துப்பாக்கி

காலை ஆறு மணி பத்து. மண்ணில் குப்புறக் கிடக்கிறேன். தலைக்கு மேலே தடதடவென்று சுடுகிறது. எதிரி இல்லை. நாங்கள் செய்த துப்பாக்கி.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கைவிட்ட கல்குழி. அதன் மேட்டில் சோதனைக்கு நிறுத்திய ஒரு ஜீப். ஜீப்பின் மேல் அந்த இயந்திரத் துப்பாக்கி. பின்னால் ஆள் தேவையில்லை. எங்கே வெடிச்சத்தம் கேட்கிறதோ அங்கே தானே திரும்பும். தானே சுடும். அப்போது எல்லையில் சண்டை. சீக்கிரம், சீக்கிரம் என்று மேலிடம் நெருக்கியது.

அதன் காதைச் செய்தவள் நான். சோமனூர்க்காரி. வீட்டில் எட்டுத் தறி. எந்தத் தறி நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்தத் திமிரில்தான் கோயம்புத்தூர்க் கம்பெனியில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

கல்குழியை ஒட்டித் தென்னந்தோப்பு. காவலுக்கு ரங்கசாமி அண்ணன், காரமடைக்காரர். யானை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார். இங்கே எல்லாரும் செய்வதுதான். முதல் வாரமே அந்தச் சத்தம் கேட்டது. பட்டாசு வெடித்தாலும் துப்பாக்கி வெடித்தாலும் எங்கள் இயந்திரத்துக்கு ஒன்றுதான். இது எதிரி இல்லை என்று அதைப் பழக்க இரண்டு வாரம் கேட்டேன்.

மேலாளர் சிரித்தார். "எல்லையில எந்த யானை வருதுங்க அம்மணி? ஆகற வேலையப் பாருங்க."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இதே பதில். துப்பாக்கி தோப்புப் பக்கம் திரும்பாதபடி ஓர் இரும்புத் தடை வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார். அதையும் சோதனைக்கு முந்தைய நாள் கழற்றச் சொன்னார். அதிகாரிகள் வருகிறார்களாம். முழுச் சுற்றும் காட்ட வேண்டுமாம். தோப்பில் ஆள் இருக்காது, சொல்லியாயிற்று என்றார். தடையைக் கழற்றும் அனுமதித் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தோப்பு முதலாளியிடம் சொன்னதோடு சரி. ரங்கசாமி அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆறு எட்டு. தோப்புக்குள் மட்டை முறியும் சத்தம். யானை. அண்ணன் குனிந்து திரியைப் பற்றவைக்கிறார். எங்கள் துப்பாக்கியில் குண்டு ஏற்றியாகிவிட்டது. மேட்டிலிருந்து இறங்கி ஓடுகிறேன்.

"ரங்கண்ணா, வெடி போடாதீங்க! படுத்துக்குங்க!"

யானைக்குப் பயந்து கத்துகிறேன் என்று நினைத்திருப்பார். கையை ஆட்டினார். "பயப்படாதீங்க கண்ணு. ஓட்டிப்போடறேன்."

ஒரே வெடி. எனக்குப் பின்னால் மோட்டார் முனகுகிறது. துப்பாக்கி திரும்புகிறது. விழுந்து படுக்கிறேன். நிறுத்தும் பொத்தான் மேலாளர் கையில். அவர் முதலில் ஜீப்புக்கு அடியில் புகுந்தார். பிறகுதான் அழுத்தினார். பதினோரு விநாடி.

யானை காட்டுக்குள் போய்விட்டது.

நான் எண்ணியது இது. தென்னை நான்கு. மோட்டார் கொட்டகை ஒன்று. மனிதர் ஒருவர். ரங்கசாமி, வயது ஐம்பத்திரண்டு. மனைவி, இரண்டு மகள்கள்.

கம்பெனி அறிக்கையிலும் கணக்கு இருக்கிறது. இழப்பு என்ற கட்டத்தில் தென்னையும் கொட்டகையும் மட்டும். அவரை இலக்கு என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, வீழ்த்தப்பட்டது.